பின்தங்கிய திட்டம், புதிய குழுத் தலைவர்: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: பாயான் லெப்பாஸ் நிரலர்

அன்பர்களுக்கு வணக்கம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக நிரல் எழுதிவந்த நான், மூன்று மாதங்களுக்கு முன், என்னையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை ஏற்றேன். ஆலை இயந்திரங்களின் சோதனைத் தரவுகளைச் சேகரிக்கும் பழைய மென்பொருளைப் புதுப்பிப்பது எங்கள் பணி. அது இப்போதே இரண்டு மாதம் பின்தங்கிவிட்டது. மேலும் நால்வரைத் தருவதாக மேலிடம் சொன்னபோது முதலில் மகிழ்ந்தேன்; வருகிறவர்களுக்கு யார் கற்றுத்தருவது என்று எண்ணியபோது தயக்கம் வந்தது.

நிர்வாகம் பற்றி இதுவரை நான் ஒரு நூலும் படித்ததில்லை. பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் வீட்டை அடைய இரவாகிவிடுவதால், வாரத்துக்கு நான்கு மணி நேரமே படிக்க முடியும். நீண்ட பட்டியல் வேண்டாம். நீங்கள் படித்துப் பயன் கண்ட நூல்களைக் காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

நண்பரே, அந்த நால்வரைப் பற்றிய முடிவு உறுதியாவதற்குள், பிரெட் புரூக்ஸ் எழுதிய ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ நூலின் இரண்டாம் இயலை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணியை நடத்தியவர் அவர். அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதை 1975-இல் நூலாக்கினார். பின்தங்கிய மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் பின்தங்கும் என்னும் விதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆள் சேர்ந்தால் வேலையைப் புதிதாகப் பங்கிட வேண்டும். பழையவர்கள் தம் வேலையை நிறுத்திவிட்டுக் கற்றுத்தர வேண்டும். ஒருவரோடொருவர் பேசித் தெளிய வேண்டியதும் பெருகும். ஆறு பேரில் இருவர் இருவராகச் சேர்த்தால் 15 இணைகள், பத்துப் பேரில் 45. ஆள் இரண்டு மடங்குகூட ஆகாதபோது பேச்சு மூன்று மடங்காகிறது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மேலிடத்தில் காட்டுங்கள்.

அதே இயலில், திட்டமிட மூன்றில் ஒரு பங்கு, நிரல் எழுத ஆறில் ஒரு பங்கு, எஞ்சிய பாதி சோதனைக்கு என்று அவர் காலத்தைப் பிரிக்கிறார். முதலில் நான் இதை நம்பவில்லை. பிறகு எங்கள் பழைய திட்டம் ஒன்றின் நேரப் பதிவை எடுத்துப் பார்த்தபோது, சோதனைக்கென்று ஒதுக்கிய இரண்டு வாரம் ஏழு வாரமாக நீண்டிருந்தது.

வாங்குவதானால் 1995 பதிப்பை வாங்குங்கள். தகவல் மறைப்பு, அதாவது நிரலின் ஒவ்வொரு பகுதியும் தன் உள் விவரங்களைப் பிற பகுதிகளுக்குக் காட்டாதிருப்பது, குறித்துக் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் சொன்னதே சரி, தாம் எழுதியது தவறு என்று இருபது ஆண்டுகளுக்குப் பின் புரூக்ஸ் அதில் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பகுதிக்காகவே அந்நூலின் மீது எனக்கு மதிப்புக் கூடியது. ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், மலேசிய வருமான வரியில் ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்வியல் (லைஃப்ஸ்டைல்) கழிவில் புத்தகச் செலவும் அடங்கும்.

மறுமொழி: ஜார்ஜ்டவுன் பொறியாளர்

தம்பி, ஆலைக்கு மென்பொருள் எழுதும் உங்களுக்கு ஆண்ட்ரூ குரோவ் 1983-இல் எழுதிய ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’ எளிதில் பிடிபடும். 1972-இல் நம் பினாங்கில் ஆலை தொடங்கிய இன்டெல் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவித்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, காப்பி ஆகிய மூன்றும் சூடு ஆறாமல் ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டுமானால், அதிக நேரம் பிடிக்கும் முட்டையை வைத்தே மற்ற இரண்டையும் திட்டமிட வேண்டும் என்று அவர் தொடங்குகிறார். கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையும் ரொட்டி பாக்காரும் (வாட்டிய ரொட்டி) சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்கள் திட்டத்தில் அந்த முட்டை எது என்று தேடுங்கள். சோதனைக்காக ஆலையில் ஓர் இயந்திரத்தை விடுவித்துத் தரும் நேரமாக அது இருந்தால், எத்தனை நிரலர் வந்தாலும் பயன் இராது.

தலைவரும் ஓர் ஊழியரும் மட்டும் அமர்ந்து பேசும் தனிச் சந்திப்பு பற்றிய பகுதியையும் விட்டுவிடாதீர்கள். அது தலைவரின் கூட்டமன்று, கீழே பணிபுரிபவரின் கூட்டம். எதைப் பேசுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும் என்கிறார் குரோவ். தலைவர் செலவிடும் 90 நிமிடங்கள், அந்த ஊழியரின் இரண்டு வார வேலையை மேம்படுத்தும் என்பது அவர் கணக்கு. இதைப் பின்பற்றத் தொடங்கிய பிறகே, என் குழுவில் ஓர் இளைஞர் வேலையை விட எண்ணியிருந்ததை நான் உரிய காலத்தில் அறிந்துகொண்டேன்.

மறுமொழி: பெட்டாலிங் ஜெயா சோதனையாளர்

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் தாமதத்துக்குக் காரணம் ஆட்களின் எண்ணிக்கையா, பழைய நிரலா என்பதை யாரும் கேட்கவில்லை. தொட்டால் எங்கே உடையும் என்று தெரியாத நிரலாக இருந்தால், மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் வெளியிட்ட ‘வொர்க்கிங் எஃபெக்டிவ்லி வித் லெகசி கோட்’ நூலையே முதலில் எடுங்கள். நிரல் சரியாக இயங்குகிறதா என்று தானாகவே பார்க்கும் சோதனைகள் இல்லாத நிரல் எதுவோ அதுவே பழைய நிரல் (லெகசி கோட்) என்று அவர் வரையறுக்கிறார். அது செய்ய வேண்டியதைப் பற்றிய வாதங்களை ஒதுக்கிவைத்து, இன்று உண்மையில் என்ன செய்கிறதோ அதைச் சோதனைகளாகப் பதிந்துகொண்டு, அதன் பிறகே மாற்றத் தொடங்க வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. அதை முழுதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் சிக்கலுக்குரிய இயலைத் திறந்தாலே போதும்.

பணம் செலவிடாமல் படிக்க, பெரிய கணினி அமைப்புகளைத் தடையின்றி இயக்குவது பற்றிக் கூகுள் பொறியாளர்கள் எழுதி 2016-இல் வெளிவந்த எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங்) நூல் இணையத்தில் முழுமையாக உள்ளது. குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தமிழிலேயே அடிப்படை தேவைப்பட்டால், கணினி நுட்பங்களைத் தமிழில் எழுதும் கணியம் இணையத் தளத்தின் ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்களைக் கொடுங்கள்.

கேட்டவரின் பதில்: பாயான் லெப்பாஸ் நிரலர்

மூவருக்கும் நன்றி. புரூக்சின் இரண்டாம் இயலை நேற்றிரவு படித்து முடித்தேன். நால்வருக்குப் பதிலாக, ஆலையை நன்கு அறிந்த ஒருவரை மட்டும் தருமாறும், சோதனைக்கென ஓர் இயந்திரத்தை வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்குமாறும் கேட்டு இன்று காலை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். ஃபெதர்ஸ் நூலைக் குழுவாகவே படிக்கவிருக்கிறோம். முதல் தனிச் சந்திப்பு செவ்வாய்க்கிழமை. பேச விரும்புவதை எழுதிவருமாறு அவரிடமே சொல்லியிருக்கிறேன்.