பேக்லிங்க்குக்குத் தமிழ்ல என்ன? 'பின்னிணைப்பு' மட்டும் வேண்டாம்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தேடுபொறி பத்தின பாடப்புத்தகம் ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்க வடிவமைப்புக்குக் கொடுத்தாகணும். பேக்லிங்க், அதாவது வேற தளம் நம்ம பக்கத்துக்குக் கொடுக்கிற இணைப்பு, அந்தச் சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். முதல்ல 'பின்னிணைப்பு'ன்னுதான் போட்டேன். 'நல்ல பின்னிணைப்புகள் கிடைத்தால் பக்கம் தேடலில் மேலே வரும்'னு எழுதினதுக்கு மெய்ப்பு பார்க்கிறவங்க ஓரத்துல பென்சிலால 'எந்தப் பின்னிணைப்பு, 2ஆ 3ஆ?'ன்னு கேட்டிருக்காங்க. அவங்க கேட்டது நியாயம்தான், புத்தகத்தோட கடைசியில நாமளே மூணு பின்னிணைப்பு வச்சிருக்கோமே. அதோட நோஃபாலோ (இந்த லிங்க்குக்கு நான் பரிந்துரை தரலன்னு தேடுபொறிக்குச் சொல்ற குறி), ஸ்பான்சர்டு, ஆங்கர் டெக்ஸ்ட் (லிங்க்கா சொடுக்குற சொற்கள்) இதுக்கெல்லாமும் சொல் வேணும். 'தொடுப்பு'ன்னு சொல்லாதீங்க, பேச்சு வழக்குல அதுக்கு வேற அர்த்தம் இருக்கு, வகுப்புல வாயைத் திறக்க முடியாது. கொஞ்சம் உதவுங்க.

———

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, பின்னிணைப்பு வேண்டாம்னு விட்டது சரி. நம்ம இலக்கணத்துலயே சொல் தயாரா இருக்கு: சுட்டு. 'அவன்'ங்கிறதுல அகரத்தைப் பிரிச்சா மிச்சம் பொருள் தராது, அது அகச்சுட்டு. 'அவ்வீடு'ல அகரத்தை எடுத்தாலும் வீடு வீடாவே நிக்கும், அது புறச்சுட்டு. ஒரே தளத்துக்குள்ள ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டினா அகச்சுட்டு, வெளித்தளம் நம்மளைக் காட்டினா புறச்சுட்டு. அந்த வெளித்தளமே இல்லாமப் போனாலும் நம்ம பக்கம் நிக்கும் இல்லையா, பொருத்தம் எப்படி அமையுது பாருங்க. பள்ளிக்கூடத்துல படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லை விட்டுட்டுப் புதுசு புதுசா ஏன் பண்ணணும்?

———

தேடுபொறி வேலை பார்க்கிறவர் எழுதியது:

ஐயா, பொருத்தம் அழகா இருக்கு, ஆனா நெட்ல 'சுட்டு'ன்னா அடுத்தவன் எழுதினதைத் திருடிப் போட்டதுன்னுதான் அர்த்தம். 'இந்தக் கட்டுரை அந்தத் தளத்துலேர்ந்து சுட்டது'ன்னு தினமும் பார்க்கிறோம். இன்னொண்ணு, புறச்சுட்டுன்னா உள்ள வர்றதா வெளிய போறதான்னு தெரியல. எங்க வேலையே அந்த திசையிலதான் இருக்கு. நான் ஆயிரம் தளத்துக்கு லிங்க் கொடுக்கலாம், அது என் கையில இருக்கு. எனக்கு யார் கொடுக்கிறாங்கங்கிறது என் கையில இல்ல, அதனாலதான் தேடுபொறி அதை ஓட்டு மாதிரி எடுத்துக்குது. பேசாம பேக்லிங்க்னே வச்சுருங்க அக்கா, படிக்கிறவங்க வேலைக்குப் போனா அந்தச் சொல்லைத்தான் கேட்கப் போறாங்க.

வகை எழுதும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க. டூஃபாலோன்னு வலைப்பக்கம் எழுதுற எச்டிஎம்எல்ல எதுவுமே கிடையாது. எந்தக் குறியும் இல்லாத சாதாரண லிங்க்கைத்தான் ஊர்ல எல்லாரும் டூஃபாலோன்னு சொல்றாங்க, அதுக்குச் சொல் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. நோஃபாலோ 2005 ஜனவரில வந்தது, பிளாக் கமெண்ட்ல ஸ்பேம் லிங்க் கொட்டினதைத் தடுக்க கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூணும் ஒத்துக்கிட்டது. 2019 செப்டம்பர்ல கூகுள் இன்னும் ரெண்டு சேர்த்தாங்க, காசு வாங்கிட்டுப் போட்டதுக்கு ஸ்பான்சர்டு, வாசகர் கமெண்ட்ல போட்டதுக்கு யூஜிசி (யூசர் ஜெனரேட்டட் கன்டென்ட்).

———

தமிழாசிரியர் எழுதியது:

தம்பி சொன்ன திசை விஷயம் மனசுல பட்டுது, ராத்திரி தொல்காப்பியத்தை எடுத்து வச்சுக்கிட்டேன். சொல்லதிகாரத்துல கிளவியாக்கத்துல செலவு, வரவு, தரவு, கொடைன்னு நாலைச் சொல்லி, தரவும் வரவும் தன்மை முன்னிலைக்கு, மத்த ரெண்டும் படர்க்கைக்குன்னு பிரிக்கிறார். 'எனக்குத் தந்தான்', 'அவனுக்குக் கொடுத்தான்', 'என்கிட்ட வந்தான்', 'அவன்கிட்டச் சென்றான்'. திசையைச் சொல்லுக்குள்ளயே வச்ச மொழி நம்மளோடது! அப்போ நம்ம பக்கத்துக்கு வர்றது வரவு, நம்மகிட்டேர்ந்து போறது செலவு. வரவிணைப்பு, செலவிணைப்பு. இந்த நாலுல 'தரவு' ஏற்கனவே டேட்டாவுக்குப் போயிருச்சு, 'வரவு' சும்மா இருக்கு. வரவு முற்றியலுகரம்தானே, உகரம் எப்படிக் கெடும்னு யாராச்சும் கேட்பீங்க, முற்றியலுகரமும் சில இடத்துல அப்படிக் கெடும்னு நன்னூல் இடம் கொடுக்குது. செலவுன்னா பணம் மட்டும் இல்ல, பழைய வழக்குல பயணம், போறதுன்னுதான் அர்த்தம், பாலைத்திணையில செலவழுங்கல்னு ஒரு துறையே இருக்கு.

———

வகுப்பெடுக்கிற ஆசிரியை எழுதியது:

ஐயா, செலவிணைப்புன்னா காசு கொடுத்து வாங்கின லிங்க்னுதான் பசங்க எழுதுவாங்க, அதை விட்டுரலாம், 'வெளியிணைப்பு' போதும். வரவிணைப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. கணக்குப் புத்தக வரவு ஞாபகம் வந்தாலும் கெடுதல் இல்ல, நமக்குச் சேர்றதுங்கிற அர்த்தம்தானே.

எனக்குக் கவலை நோஃபாலோதான். 'தொடரா இணைப்பு'ன்னு ஏற்கனவே சிலர் எழுதுறாங்க. அதைப் பார்த்ததும் பசங்க 'இது தண்டம், இதால ஒரு பயனும் இல்ல'ன்னு முடிவு கட்டிர்றாங்க. விக்கிப்பீடியாவோட ஆங்கிலப் பதிப்பு 2007லேர்ந்து வெளியிணைப்புக்கெல்லாம் நோஃபாலோ போடுது, ஆனா அங்கேர்ந்து ஆள் சொடுக்கி வந்துட்டேதானே இருக்காங்க? நோஃபாலோ போடுறவர் சொல்றது 'இதுக்கு நான் கைதூக்கல'ன்னு அவ்வளவுதான். தொடர்றதும் தொடராததும் தேடுபொறி செய்யிற வேலை. பேர் வைக்கும்போது போடுறவர் என்ன சொல்றாரோ அதை வச்சுத்தானே வைக்கணும்? நான் வகுப்புல 'பரிந்துரையா இணைப்பு'ன்னு சொல்றேன்.

———

தமிழாசிரியர் எழுதியது:

தொடரா, பரிந்துரையா ரெண்டுமே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஓடாக்குதிரை மாதிரி. அதனால 'சுட்டு'ன்னு வச்சா 'தொடராச்சுட்டு'ன்னு ஒற்று மிகும், இணைப்புக்கு அந்தத் தொல்லை இல்ல. பரிந்துரையா ஆறு எழுத்து, வாய்க்குள்ள உருளணும். தொடரா மூணே எழுத்து. ஆங்கிலத்தோட நேராவும் நிக்குது.

———

தேடுபொறி வேலை பார்க்கிறவர் எழுதியது:

நேரா நிக்கிறதுதான் ஐயா இப்போ பிரச்சனை. முதல்ல நோஃபாலோ கட்டளையா இருந்தது, போட்டா கூகுள் அந்த லிங்க்கைக் கணக்குல சேர்க்காது. 2019 அறிவிப்புல ரேங்கிங்குக்கு அதை வெறும் குறிப்பாத்தான் எடுத்துக்குவோம்னு சொல்லிட்டாங்க, 2020 மார்ச் 1லேர்ந்து கிராலிங் (பக்கங்களைத் தேடிப் போய்ப் படிக்கிறது), இண்டெக்ஸிங் (பட்டியல்ல சேர்க்கிறது) ரெண்டுக்கும் அப்படியே. நோஃபாலோ இருந்தாலும் தொடரலாம், தொடராமலும் விடலாம். உங்க பாஷைல சொன்னா ஏவல் போய் குறிப்பு ஆயிருச்சு.

கணக்கையும் சொல்லிர்றேன், அக்கா படம் போடுறதா இருந்தா உதவும். 1998ல கூகுளை ஆரம்பிச்ச பேஜும் பிரின்னும் எழுதின கட்டுரையில, ஒரு பக்கத்தோட மதிப்பு அதுல இருக்கிற லிங்க்குக்கெல்லாம் சமமாப் பிரியும், அதையும் 0.85ஆல பெருக்கித்தான் கொடுக்கும். சரி, ஒரு பக்கத்துல பத்து லிங்க், அதுல அஞ்சுக்கு நோஃபாலோ. ஆரம்பத்துல மிச்ச அஞ்சுக்கும் ஆளுக்கு அஞ்சுல ஒரு பங்கு போச்சு. உடனே எல்லாரும் வேண்டாத லிங்க்குல நோஃபாலோ போட்டு வேண்டியதுக்குத் திருப்ப ஆரம்பிச்சாங்க. அப்படி இப்போ நடக்காது, ஒவ்வொண்ணுக்கும் பத்துல ஒரு பங்குதான், நோஃபாலோவோட பங்கு யாருக்கும் போகாம மறைஞ்சிரும்னு 2009ல கூகுள் சொல்லிருச்சு. அதுக்கப்புறம் கணக்கு எவ்வளவோ மாறியிருக்கு, ஆனா ஆயிரம் லிங்க் குவிச்சு வச்ச பக்கத்துலேர்ந்து வர்றதை விட, நம்ம விஷயத்தையே பேசுற ஒரு நல்ல பக்கத்துல கட்டுரை நடுவுல வர்ற ஒரு லிங்க் ஏன் பெருசுங்கிறது இதுலயே தெரிஞ்சிரும்.

இந்தக் கணக்குக்குப் பேரு பேஜ்ரேங்க், அதை 'பக்கத்தரம்'னு முழுசா மாத்திராதீங்க, லேரி பேஜோட பேரும் அதுக்குள்ள இருக்கு. லிங்க் வழியா போற மதிப்பை 'லிங்க் ஜூஸ்'னு சொல்வாங்க, அதைச் சாறுன்னு போடாதீங்க ப்ளீஸ், மதிப்புன்னா போதும்.

———

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தம்பி, ரொம்ப நன்றி, கணக்கு அப்படியே பெட்டிச் செய்தியாப் போகுது. இன்னிக்குப் புதன், ஆங்கர் டெக்ஸ்ட் பாக்கி இருக்கு. 'நங்கூர உரை'ன்னு ஒரு வரைவுல பார்த்தேன், மனசு ஒப்பல. 'இணைப்புச்சொல்'னா இலக்கணத்துல 'ஆனால்', 'ஆகவே'க்கு வச்சது.

———

வகுப்பெடுக்கிற ஆசிரியை எழுதியது:

நான் போர்டுல ரெண்டு வரி எழுதிக் காட்டுவேன். 'நிலா தேய்வது பற்றி அறிய இங்கே சொடுக்கவும்', அதுக்குக் கீழ 'நிலவின் பிறைகள் ஏன் மாறுகின்றன'. முதல் வரியில 'இங்கே சொடுக்கவும்'ல அடிக்கோடு, ரெண்டாவதுல முழு வரிக்கும். தேடுபொறிக்கு எது உதவும்னு கேட்டா சின்னப்பசங்களே சொல்லிருவாங்க. அதனால 'அடிக்கோட்டுச் சொல்'?

———

தமிழாசிரியர் எழுதியது:

எல்லாத் தளத்துலயும் அடிக்கோடு இருக்கிறதில்லையே அம்மா. கொளுவுதல்னா மாட்டுதல், பூட்டுதல். புறப்பொருள் வெண்பாமாலையில துறையோட கருத்தைச் சுருக்கிச் சொல்ற வரிக்குக் கொளுன்னே பேரு. போய்ச் சேர்ற பக்கத்தோட கருத்தைச் சுருக்கிச் சொல்லிக்கிட்டே அதோட மாட்டியும் விடுற சொல் கொளுச்சொல். இதுக்கு மேல ஒரு பொருத்தம் கிடைக்காது.

———

தேடுபொறி வேலை பார்க்கிறவர் எழுதியது:

ஐயா, கேட்கவே நல்லா இருக்கு, ஆனா யாருக்கும் புரியாது. எங்க டீம்ல 'லிங்க் போட்ட வார்த்தை'ன்னு சொல்வோம். எந்தப் பேர் வச்சாலும் ஒண்ணை மறக்காம எழுதுங்க, ஒரே வார்த்தையை நூறு தளத்துல அச்சடிச்ச மாதிரி வச்சு லிங்க் வாங்கினவங்களைத்தான் 2012 ஏப்ரல்ல வந்த பெங்குவின்ங்கிற கூகுள் மாற்றம் முதல்ல புடிச்சுது. என்கிட்ட வந்த ஒரு தளத்துக்கு முன்னாடி யாரோ அப்படி வாங்கிக் கொடுத்துட்டுப் போயிருந்தாங்க, ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி எடுக்கச் சொல்லி, எடுக்காததை டிஸவோ பட்டியல்ல (இந்த லிங்க்கைக் கணக்குல எடுக்காதீங்கன்னு கூகுளுக்குக் கொடுக்கிறது) போட்டு முடிக்கவே மாசக்கணக்கு ஆச்சு. தளத்துக்காரர் பாவம், தப்பு என்னன்னே தெரியாம காசு கொடுத்திருந்தார். 2016க்கு அப்புறம் பெரும்பாலும் அந்த மாதிரி லிங்க்கை மதிக்காம விட்டுர்றாங்க, தளத்தையே கீழ இறக்குறது குறைஞ்சிருக்கு. ஆனாலும் பசங்க தெரிஞ்சுக்கணும்.

———

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வியாழன் ராத்திரி பதினொண்ணு. பேக்லிங்க்குக்கு வரவிணைப்பு, இதுல யாரும் மறுக்கல. ஸ்பான்சர்டு கட்டண இணைப்பு, யூஜிசி பயனர் இணைப்பு. ஆங்கர் டெக்ஸ்ட்டுக்கு 'இணைப்பு உரை'ன்னு சாதுவா வச்சுட்டேன், கொளுச்சொல்லைக் கலைச்சொல் பட்டியல்ல மாற்றுச் சொல்லாக் கொடுத்திருக்கேன் ஐயா. நோஃபாலோவுக்கு தொடரா இணைப்புக்கு மூணு பேர், பரிந்துரையாவுக்கு ஒருத்தர், அதனால தொடரா. 'தேடுபொறி விரும்பினால் தொடரவும் கூடும்'னு அடிக்குறிப்பு சேர்த்திருக்கேன்.

———

வகுப்பெடுக்கிற ஆசிரியை எழுதியது:

தொடராதுன்னு பேர் வச்சுட்டு, தொடரவும் கூடும்னு அடிக்குறிப்பு போடுற நிலைமை வந்துச்சுன்னா பேர்லதான் கோளாறு இருக்கு. புத்தகத்துல அப்படியே இருக்கட்டும், உங்களுக்கு நேரம் இல்ல. என் வகுப்புல பரிந்துரையா இணைப்புன்னுதான் சொல்லப் போறேன், அடுத்த பதிப்புக்கு முன்னாடி மறுபடியும் இதே பேச்சை எடுப்பேன்.

———

தமிழாசிரியர் எழுதியது:

எடுங்க அம்மா. அதுக்குள்ள 'கைதூக்கல'ன்னு நீங்க சொன்னதுலேர்ந்தே சின்னதா ஒரு சொல் கிடைக்குமான்னு பார்க்கிறேன்.