நிர்வாணம்னா உண்மையில என்ன? 10 நாள் தியானம் போயிட்டு வந்தும் தெளியல

தாழம்பூ:
வணக்கம். போன மாசம் முதல் தடவையா 10 நாள் விபாசனா போயிட்டு வந்தேன். காலைல 4 மணிக்கே மணி அடிச்சிடுவாங்க, போனை வாங்கி வெச்சுக்குவாங்க, யார்கிட்டயும் பேசக்கூடாது. முதல் மூணு நாள் மூச்சு மட்டும், அப்புறம் தலைல இருந்து கால் வரைக்கும் என்ன உணர்ச்சி வருதுன்னு பாக்கணும். ஏழாவது நாள் சாயங்காலம் திடீர்னு வலியெல்லாம் போய் உடம்பே இல்லாத மாதிரி, பொடிப்பொடியா ஏதோ ஓடிட்டே இருக்கற மாதிரி அரை மணி நேரம் இருந்துச்சு, அழுகையே வந்துடுச்சு. அதுக்கப்புறம் எவ்ளோ உக்காந்தாலும் அது வரல. அதுதான் நிர்வாணமா? அம்மாகிட்ட அந்த வார்த்தைய சொன்னா அவங்களுக்கு துணி இல்லாம இருக்கறதுன்னுதான் தோணுது, அதனால மோட்சம்னு சொல்லி வெச்சேன், ரெண்டும் ஒண்ணுதானா? இன்னொண்ணு, ஆசைதான் துன்பத்துக்கு காரணம்னா நிர்வாணம் வேணும்னு நினைக்கறதும் ஆசைதானே?

ஆத்தோரம்:
அது நிர்வாணம் இல்லைங்க. வந்துச்சு, போயிடுச்சு, அப்ப அதுவும் அநித்தியம்தான், அதாவது நிலையில்லாதது. வலி எப்படியோ அப்படித்தான் அந்த சுகமும். நானும் இதே மாதிரி ஒண்ணு கிடைச்சு அதைத் தேடியே ரெண்டு வருஷம் உக்காந்தேன், தியானம்ங்கற பேர்ல ஆசையத்தான் வளத்துட்டு இருந்தேன். உங்களுக்கு அந்த ரெண்டு வருஷம் வீணாகக் கூடாது, அதான் நேரா சொல்லிட்டேன்.

பழைய ஓலை:
வார்த்தைல இருந்து ஆரம்பிச்சா கொஞ்சம் பிடிபடும். புத்தரோட போதனைகளை எழுதி வெச்ச பாலி மொழில நிப்பானம், அப்டின்னா அணைஞ்சு போறது. எது அணையுதுன்னா ராகம் (ஆசை), துவேஷம் (வெறுப்பு), மோகம் (அறியாமை)னு மூணு நெருப்பு. ஞானம் கிடைச்ச கொஞ்ச நாள்லயே கயா பக்கத்துல ஒரு குன்று மேல, அதுவரைக்கும் வேள்வித்தீ வளத்துட்டு இருந்த ஜடாமுடிக்காரங்ககிட்டதான் புத்தர் கண்ணு எரியுது, காது எரியுது, மனசு எரியுதுன்னு பேசறார். தீயை கும்பிட்டவங்களுக்கு தீயாலயே பாடம்.

வச்சகோத்தன்னு ஒரு துறவி புத்தர்கிட்ட வந்து முக்தி அடைஞ்சவர் செத்தப்புறம் எங்க போறார்னு கேக்கறார். எதிர்ல எரியற தீ அணைஞ்சா அது கிழக்க போச்சா மேற்க போச்சா வடக்க போச்சா தெக்க போச்சான்னு புத்தர் திருப்பிக் கேக்கறார். கேள்வியே பொருந்தாதுன்னு வச்சகோத்தர் ஒத்துக்கறார், ஏன்னா அது எங்கயும் போகல, எரிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம நின்னுடுச்சு. பாலில உபாதானம்னா விறகுன்னும் அர்த்தம், பற்றுன்னும் அர்த்தம். நம்ம தமிழ்ல இது இன்னும் பச்சையா இருக்கு பாருங்க, தீயும் பற்றும், மனசும் பற்றும், ஒரே சொல்லு. இதை முதல் தடவை கவனிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

செத்தாதான் கிடைக்கும்னு நினைக்காதீங்க. 35 வயசுல போதிமரத்தடில அந்த நெருப்பு அணைஞ்சதுக்கு அப்புறம் 45 வருஷம் ஊர் ஊரா நடந்து, பிச்சை எடுத்து சாப்பிட்டு, முதுகு வலியோட எல்லாம் வாழ்ந்துட்டுத்தான் 80 வயசுல குசிநாரால கண்ண மூடினார். முதுகு வலி இருந்துச்சு, அதுமேல எரிச்சல் இல்ல.

கொழும்பு வாசி:
நான் கொழும்பில இருக்கிறன். இஞ்ச சிங்கள ஆக்கள்ட செத்தவீடு எண்டா ரோட்டில வெள்ளைக் கொடி கட்டி, 'நிவன் சுவ' கிடைக்கட்டும் எண்டு எழுதிப் போடுவினம். நிவன் எண்டா நிர்வாணம். ஆனா தீயணைப்புப் படைக்கும் அதே சொல்தான், கினி நிவன எண்டு. சின்ன வயசில ரெண்டுக்கும் என்ன தொடர்பு எண்டு விளங்கேல்ல, பழைய ஓலை அண்ணா எழுதினதைப் பாத்த பிறகுதான் விளங்குது, நன்றி அண்ணா.

பழைய ஓலை:
அருமை தம்பி! நம்ம வீட்லயும் சாமி விளக்கை அணைன்னு சொல்ல மாட்டாங்க, குளிர வைன்னுதான் சொல்வாங்க. புத்தரும் ஞானம் கிடைச்சு காசிக்கு நடந்து போறப்ப வழில பாத்த உபகன்ங்கற துறவிகிட்ட நான் குளிர்ந்துட்டேன், அணைஞ்சுட்டேன்னுதான் சொல்றார். தாழம்பூ, உங்க அம்மாகிட்ட மனசு குளிர்றதும்மான்னு சொல்லுங்க, டக்குனு புரிஞ்சுக்குவாங்க.

கீதைப்பித்தன்:
மோட்சம் வேற நிர்வாணம் வேறன்னு ரொம்ப பிரிக்க வேண்டாம்னு நினைக்கறேன். கீதையிலயே பிரம்ம நிர்வாணம்னு ரெண்டாவது அத்தியாயக் கடைசில வருது, அஞ்சாவதுலயும் வருது.

ஆத்தோரம்:
சொல் வருது சார், மறுக்கல. ஆனா அங்க பிரம்மத்தோட சேர்றது. இங்க போய்ச் சேர ஆத்மான்னு ஒண்ணையே புத்தர் ஒத்துக்கல. நான் எனதுங்கறதே விறகுன்னா அதை எங்க கொண்டுபோய் சேக்கறது? இந்த வித்தியாசத்தை மூடி மறைக்கறது ரெண்டு மரபுக்கும் நல்லதில்ல.

மழைக்கால மாடம்:
நிர்வாணம் வேணும்னு நினைக்கறதும் ஆசைதானேங்கற கடைசி கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. இதையே ஒரு பிராமணர் கோசாம்பிங்கற ஊர்ல, புத்தரோட சீடர் ஆனந்தர் தங்கியிருந்த தோட்டத்துக்கு வந்து அவர்கிட்ட கேட்டிருக்கார். ஆசைய ஆசையால போக்க முடியுமான்னு. இந்த தோட்டத்துக்கு வரணும்னு உங்களுக்கு ஆசை இருந்துச்சா, வந்து சேந்தப்புறம் அந்த ஆசை எங்கன்னு ஆனந்தர் கேக்கறார். அடங்கிடுச்சுன்றார் அந்த பிராமணர். அவ்ளோதான். பற்றை விடறதுக்கு ஒரு பற்றைப் பிடின்னு 350வது குறள்லயும் இருக்கே.

ஏன் இதைத் தேடறாங்கன்னா, எனக்கு அப்பா ஸ்ட்ரோக் வந்து படுத்தப்பதான் புரிஞ்சுது. வராண்டால உக்காந்து டாக்டர் மேல, அண்ணன் மேல, என் மேலயே கோவம், நாலு நாள் உள்ள எரிஞ்சுட்டே இருந்துச்சு, அப்பாவோட கஷ்டத்துல அதனால ஒரு துளி குறையல. ஒரு நாள் ராத்திரி அவர் கையப் பிடிச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன், கொஞ்ச நேரம் உள்ள எதுவும் எரியல. அதை நிர்வாணம்னு சொல்ல மாட்டேன், ஆனா நெருப்பு அணையற ஜாதிதான்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

தாழம்பூ:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஏழாவது நாளைத் திரும்ப வரவைக்கணும்னுதான் இத்தனை நாளா காலைல உக்காந்துட்டு இருந்தேன். அம்மாகிட்ட குளிர்றதுன்னு சொன்னேன், விளக்கு மாதிரியான்னு கேட்டாங்க. நாளைக்கு அவங்களும் கூட உக்காரறேன்னு சொல்லியிருக்காங்க, முட்டி வலி இருக்கு, நாற்காலில உக்காந்து பண்ணலாம்ல?

ஆத்தோரம்:
தாராளமா பண்ணலாம். கேம்ப்லயே வயசானவங்களுக்கு நாற்காலி போடுவாங்களே.