பி.பி. பார்க்கும்போது சத்தம் நடுவில் நின்று திரும்ப வருகிறது, எதை எழுதுவது?

நர்சிங் 2ஆம் வருஷம்:
வயசான பி.பி. பேஷன்ட். ஸ்டெத் வெச்சுக் கேட்டப்போ 190ல சத்தம் ஆரம்பிச்சுது, 170ல நின்னுடுச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சா 150ல திரும்ப வந்து 94ல மறைஞ்சுது. சார்ட்ல எதை எழுதணும்? மெஷின் கோளாறா, என் காது கோளாறா?

உடலியங்கியல் வாத்தியார்:
இரண்டும் இல்லை. 190/94 என்று எழுதி, 170 முதல் 150 வரை சத்தம் இல்லை என்று பக்கத்தில் குறிப்பு போடுங்கள். இதற்கு ஆஸ்கல்டேட்டரி கேப், அதாவது ஸ்டெத்தில் கேட்கும் சத்தத்தில் விழும் இடைவெளி, என்று பெயர். தமனிச் சுவர் விறைத்துப்போன, பி.பி. அதிகமுள்ள முதியவர்களிடம் கூடுதலாகப் பார்க்கலாம்.

கஃப் (கையில் கட்டும் காற்றுப் பட்டை) அழுத்தம் சிஸ்டாலிக்குக்கும் (பி.பி.யின் மேல் எண்) டயஸ்டாலிக்குக்கும் (கீழ் எண்) இடையில் இருக்கும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் தமனி சற்றே திறந்து மூடும். அந்த இடுக்கில் ரத்தம் பீறிடுவதால்தான் சத்தம். தமனி முழுக்க மூடியிருந்தாலும் சத்தமில்லை, முழுக்கத் திறந்திருந்தாலும் சத்தமில்லை.

ஆபத்து எங்கே என்றால், 160 வரை மட்டும் காற்றடித்திருந்தால் 150/94 என்று எழுதியிருப்பீர்கள். 40 புள்ளி போயே போச்சு! அதனால் முதலில் மணிக்கட்டில் ரேடியல் பல்ஸைத் தொட்டுக்கொண்டே காற்றடியுங்கள். பல்ஸ் மறையும் எண்ணைக் குறித்துக்கொண்டு காற்றை முழுக்க இறக்குங்கள். ஒரு நிமிஷம் விட்டு, அந்த எண்ணுக்கு மேல் 30 வரை ஏற்றி ஸ்டெத்தில் கேளுங்கள். தொட்டுப் பார்க்கும்போது இந்த இடைவெளி ஏமாற்றாது. இதை வீண் வேலை என்று வார்டில் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாத படி இதுதான்.

ஐசியூ சிஸ்டர்:
சார் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோம்மா. மெதுவா காற்றடிச்சாலோ, நடுவுல நிறுத்தி மறுபடி ஏத்தினாலோ முன்கை சிரையில ரத்தம் தேங்கி சத்தம் மங்கும். அப்போ கையை அரை நிமிஷம் தலைக்கு மேல தூக்கி வெச்சு, அப்படியே காற்றடிச்சுட்டு, கையை இறக்கிக் கேளு. நல்லாக் கேட்கும்.

காற்றை இறக்குறது நொடிக்கு 2-3 மி.மீ. (பாதரச அளவு) தான். பல்ஸ் 60 இருக்கறவங்களுக்கு நொடிக்கு 10ன்னு விட்டா, 10 புள்ளிக்கு ஒரு துடிப்புதான் கிடைக்கும். சிஸ்டாலிக் குறைஞ்சும் டயஸ்டாலிக் கூடியும் தெரியும்.

கஃப் உள்ளே இருக்கிற காற்றுப்பை, மேல்கைச் சுற்றளவுல 80% நீளம், 40% அகலம் இருக்கணும். 30 செ.மீ. கைக்கு 24க்கு 12. சின்னதா இருந்தா பி.பி. பொய்யா ஏறும். கையும் இதய மட்டத்துல இருக்கணும், 10 செ.மீ. கீழே தொங்கினா ஏறக்குறைய 8 மி.மீ. கூடும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கி விடறதும் தப்பு, கழட்டச் சொல்லு. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக தமனியையும் சிரையையும் இணைச்ச இடம்) இருக்கிற கையில கஃப் கட்டவே கூடாது.

நர்சிங் 2ஆம் வருஷம்:
நன்றி சார், நன்றி சிஸ்டர். சிலருக்கு 0 வரைக்கும் சத்தம் கேட்குதே, அதுக்கு?

உடலியங்கியல் வாத்தியார்:
கர்ப்பிணிகள், கடும் ரத்தசோகை, இதயத்தின் அயோர்டிக் வால்வுக் கசிவு உள்ளவர்களிடம் அப்படி வரும். தெளிவான தட்டல் திடீரென்று மழுங்கும் புள்ளியை டயஸ்டாலிக்காக எடுத்து, 120/64/0 என்ற மாதிரி மூன்றையும் எழுதுங்கள். அதற்கு முன் ஸ்டெத்தை அழுத்திப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த அழுத்தமே தமனியை நசுக்கி, இல்லாத சத்தத்தை உண்டாக்கும்.