எடிட் லாக் ஆகாதவரை கவுன்சலிங்கால் என்ன பயன்?

கீஃப்ரேம்:
எங்கள் விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவில் வாரம் ஒருநாள் யோகா, ஒருநாள் மனநல ஆலோசகர் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆலோசகர் வருவது மாலை 5 மணிக்கு. கரெக்‌ஷன் பட்டியல் வந்து விழுவதும் அப்போதுதான். ஒருவரும் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. சினிமாவில் மனநலம் பற்றிப் பேசுவதென்றால் முதலில் எடிட் லாக் பற்றி, அதாவது இனி எடிட்டை மாற்ற மாட்டோம் என்று உறுதி செய்வது பற்றிப் பேசுங்கள் என்பது என் கருத்து.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து விநாடி சண்டை ஷாட்டில் ஹீரோ இடுப்பில் கட்டிய ரோப்பை அழிக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 120. ரோப் மறைத்த இடத்தில் சட்டை மடிப்பையும் பின்னாலிருக்கும் சுவரையும் திரும்ப உருவாக்க வேண்டும். முடித்துக் கொடுத்த மறுநாள், எடிட்டில் வேறு டேக் வைத்துவிட்டோம் என்று தகவல் வரும். செய்த 120 ஃப்ரேமும் வீண். புது டேக் நாளைக் காலைக்குள் வேண்டும், ஏனென்றால் ரிலீஸ் தேதி மாறாது. மூச்சுப் பயிற்சி இதை எப்படிச் சரிசெய்யும்?

லைன் புரொட்யூசர்:
தம்பி, ஆதங்கம் புரிகிறது. தியேட்டர் பேசியாகிவிட்டது, ஓடிடி ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது, பைனான்சியர் வட்டி ஓடுகிறது. ஒரு வாரம் தள்ளினால் பண்டிகை வசூல் போய்விடும். அப்புறம், சினிமா கடைசி நிமிடம்வரை மாறத்தான் செய்யும். பிரிவியூ பார்த்துவிட்டு இரண்டாம் பாதியை மாற்றிப் பிழைத்த படங்கள் உண்டு. லாக் என்று கையெழுத்து வாங்கினால் டைரக்டரின் கையைக் கட்டிப்போடுவதாகும். நான் வேலைக்கு வந்தபோது ஆலோசகர் என்ற பேச்சே கிடையாது. கிடைத்திருப்பதை உதறாதீர்கள்.

ரோட்டோ ராத்திரி:
அண்ணா, மாற்றவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாற்றத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும் என்கிறோம். படப்பிடிப்பில் கால்ஷீட் தாண்டினால் பெப்சி (திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) யூனியன் ஆட்கள் கூடுதல் சம்பளம் கேட்பார்கள். அதனால் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எங்கள் பக்கம் மொத்தப் படத்துக்கும் ஒரே ரேட். எத்தனை முறை மாற்றினாலும் அதே பணம். சொல்பவருக்குச் செலவில்லை, போவது எங்கள் தூக்கம்.

இங்கே மட்டும் இந்த நிலைமை இல்லை. 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க விஎஃப்எக்ஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது, அதே மாதம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரையும் வாங்கியது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளை வைத்திருந்த நிறுவனம் அது. 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டூடியோஸின் விஎஃப்எக்ஸ் பணியாளர்கள் யூனியன் வேண்டும் என்று ஒருமனதாக வாக்களித்தார்கள்.

சவுண்ட் டிராக் 3:
ஒன்றை விட்டுவிடுகிறீர்கள். நான் ஃப்ரீலான்ஸ் சவுண்ட் எடிட்டர். வேலை குவிந்தபோது நன்றாகத்தான் இருந்தேன். படம் ரிலீஸாகி, அடுத்த அழைப்பு வராத மாதங்களில்தான் உடைந்துபோனேன். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். நேர வரம்போ எடிட் லாக்கோ அப்போது எனக்கு உதவியிருக்காது. ஆலோசகர்தான் உதவினார். அதனால் கவுன்சலிங் வீண் என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். இதைப் படிக்கிற ஜூனியர் பையன் உதவி கேட்கவே கூச்சப்படுவான். அலுவலகத்தில் பேசத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

கீஃப்ரேம்:
சரி, ஏற்றுக்கொள்கிறேன். அந்த எண்ணை எங்கள் பேன்ட்ரி சுவரில் ஒட்டச் சொல்கிறேன். ஆனால் எங்கள் ஆலோசகர் உட்காரும் கண்ணாடி அறை ஹெச்ஆர் இருக்கைக்குப் பக்கத்தில். யார் போகிறார்கள் என்று மொத்த ஃப்ளோருக்கும் தெரியும்.

நேரக் கணக்கை மட்டும் நான் விடமாட்டேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்றார்கள். டெலிவரி வாரத்தில் நாங்கள் 55ஐ வியாழக்கிழமையே தாண்டிவிடுகிறோம்.

லைன் புரொட்யூசர்:
வருடம் முழுக்க அப்படி இல்லையே தம்பி. ரேட் ஏற்றினால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும், அதையும் யோசியுங்கள். என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். ஷாட்டுக்கு இரண்டு சுற்று கரெக்‌ஷன் ரேட்டுக்குள். மூன்றாவது சுற்றுக்குத் தனிப் பணம். இதற்குத் தயாரிப்பாளரிடம் நான் பேசுகிறேன்.

ரோட்டோ ராத்திரி:
நல்ல ஆரம்பம் அண்ணா. இரவு 9 மணிக்கு மேல் வருகிற கரெக்‌ஷன் மறுநாள் கணக்கில்தான் சேரும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். மூன்றாவது சுற்றுப் பணம் ஆர்ட்டிஸ்ட் கைக்கு வர வேண்டும், ஸ்டூடியோவோடு நின்றுவிடக் கூடாது.

லைன் புரொட்யூசர்:
பணம் யாருக்குப் போகிறது என்பது உங்கள் முதலாளி முடிவு. 9 மணி வரியை எழுத மாட்டேன். ரிலீஸுக்கு முந்தின 10 நாள் அதை என்னால் காப்பாற்ற முடியாது.

கீஃப்ரேம்:
சார், அந்த 10 நாளுக்காகத்தான் அந்த வரியையே கேட்கிறோம். அப்போது மட்டும் இரண்டு ஷிஃப்ட் போட்டு, இரவுக்குத் தனி ஆள் எடுக்க எவ்வளவு ஆகும் என்று பட்ஜெட்டில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.