உதவி: மாஸ்டர் பிளான் வரைவில் எங்கள் நிலத்தின் குறுக்கே ரோடு. ஆட்சேபனை மனு எப்படி எழுதுவது?

கிணத்தடி:
வணக்கம், அவசரம். எங்கள் ஊருக்கு மாஸ்டர் பிளான் வரைவு, அதாவது எங்கே ரோடு, எங்கே வீடு, எங்கே கடை என்று அரசு போடுகிற திட்டம், வந்திருக்கிறதாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாட்ஸ்அப்பில் மேப்பை அனுப்பினார். அதில் எங்கள் நிலத்து நடுவே ரோடு போகிறது. கிணறு, மோட்டார் ரூம் இரண்டுமே கோட்டுக்கு அடியில் மாட்டுகிற மாதிரி தெரிகிறது. அங்கே வீடு கட்ட லோனுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். யாரிடமாவது மனு மாதிரி இருந்தால் போடுங்கள். கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்கிறார்கள்.

தாரணி:
எந்தப் பக்கம்? சென்னைப் பெருநகர் என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மற்ற மாவட்டம் என்றால் டி.டி.சி.பி.க்குக் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கீழே உள்ளூர் திட்டக் குழுமம். மனு போகிற இடமே மாறும். பட்டா யார் பெயரில் இருக்கிறது?

சைக்கிள்காரன்:
பயப்படாதீங்க பாஸ். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு இருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் நிலத்தை எடுக்க நடவடிக்கை இல்லையென்றால் ரோட்டுக்கான ஒதுக்கீடு தானாகக் காலாவதி. பேசாமல் இருந்தாலே போதும்.

எல்லைக்கல்:
இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, பழைய இழைகளைத் தேட யாருக்கும் பொறுமை கிடையாது. சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 26-ஆம் பிரிவு. அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து ஆட்சேபனைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் எப்போது வந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. எவ்வளவு அவகாசம், வரைபடத்தை எங்கே பார்க்கலாம் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கும். அதை எடுத்துப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

சைக்கிள்காரன், 38 உண்மைதான். ஆனால் நடுவில் அவர் கட்டட அனுமதி கேட்டால், ரோட்டுக்கு ஒதுக்கிய இடம் என்று கோப்பைத் திருப்பி விடுவார்கள். மூன்று வருஷம் முடிந்த பிறகும் விடுவிப்பு வாங்க உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் நிறைய. பேசாமல் இருக்கச் சொல்வது சுலபம், லோன் உங்களுடையது இல்லையே.

கிணத்தடி:
வெளி மாவட்டம்தான். நகராட்சிக்குச் சற்று வெளியே, பஞ்சாயத்து. பட்டா அப்பா பெயரில். மாதிரி மனு இருக்கிறதா?

மழைக்குருவி:
மனு அப்புறம். போன் படத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். மேப்பின் அளவு 1:10,000 என்று வைத்துக்கொண்டால் தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 10 மீட்டர். கோடு இரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அது மட்டுமே 20 மீட்டர் இடத்தை மறைக்கும். உங்கள் கிணறு அதற்கு உள்ளேயா வெளியேயா என்று ஜூம் செய்து கண்டுபிடிக்க முடியாது. புலப்படத்தை (உங்கள் சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் படம்) எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், சர்வே எண் போட்ட தாளைக் காட்டச் சொல்லுங்கள். புது ரோடா, ஏற்கெனவே உள்ள வண்டிப்பாதையை அகலப்படுத்துவதா? அகலம் என்ன போட்டிருக்கிறது?

நாலுவழி:
இதில் என்ன சந்தேகம்? கோட்டை விரல் வைத்துக்கொண்டே போங்கள், ஏதாவது ஒரு லேஅவுட் வாசலில் போய் நிற்கும். எல்லா ஊரிலும் இதே கதைதான்.

தாரணி:
அப்படியே இருந்தாலும் மனுவில் அதை எழுதாதீர்கள், நிரூபிக்க முடியாது. பொதுவான மாதிரியும் உதவாது. உங்கள் சர்வே எண், உட்பிரிவு, பட்டா நகல், புலப்பட நகல். கிணறும் மின் இணைப்பும் எந்த மூலையில் இருக்கின்றன என்று புலப்படத்திலேயே குறித்துக் கொடுங்கள். எதிர்க்கிறேன் என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. பக்கத்தில் புறம்போக்கு வண்டிப்பாதை இருந்தால் அதன் சர்வே எண்ணைச் சொல்லி, ரோட்டை அந்தப் பக்கம் நகர்த்தக் கேளுங்கள். கடைசியில் ஒரு வரி கட்டாயம்: நேரில் விசாரிக்க வாய்ப்பு வேண்டும். கேட்டவர்களுக்குத்தான் சட்டம் அந்த வாய்ப்பைத் தருகிறது. அப்பா கையெழுத்துப் போட வேண்டும், நகலில் சீல் வாங்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, திட்டத்தில் கோடு போட்டதாலேயே நிலம் கையைவிட்டுப் போகாது. நிலம் எடுப்பது தனி நடவடிக்கை, அதற்குத் தனி அறிவிப்பும் இழப்பீடும் உண்டு. வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், பாதி பதற்றம் குறையும்.

நாலுவழி:
ஒற்றை ஆள் மனுவை யார் மதிப்பார்கள்? ஊரையே திரட்டி ஒரே மனுவை நூறு பேர் போடுங்கள்.

எல்லைக்கல்:
நூறு ஜெராக்ஸ் வந்தால் ஒன்றைப் படிப்பார்கள், மீதியை எண்ணுவார்கள். நூறு பேருக்கும் நூறு சர்வே எண் இருந்தால் நூறு மனு எழுதட்டும்.

சைக்கிள்காரன்:
ஒரு விஷயம் கேட்கலாமா? ரோடே வேண்டாமா நமக்கு? ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத தெருக்கள் எல்லாம் அந்தக் காலத்தில் யாரும் கோடு போடாததால் வந்தவை. எல்லாருக்கும் ரோடு வேண்டும், அடுத்தவன் வயலில் வேண்டும்.

நாலுவழி:
சைக்கிளில் போகிறவருக்கு எதற்கு அகல ரோடு? இருக்கிற ரோட்டின் ஆக்கிரமிப்பை எடுத்தாலே இரண்டு பஸ் தாராளமாகப் போகும். வயலில் கோடு போடுவது சுலபம், கடைக்காரர் படிக்கட்டை இடிக்கத்தான் தைரியம் வேண்டும்.

சைக்கிள்காரன்:
படிக்கட்டையும் இடிக்கட்டும், நான் வேண்டாம் என்றேனா? ஊர் வளரும்போது வெளிவட்டமாக ஒரு ரோடு இல்லாவிட்டால் லாரி எல்லாம் கடைவீதி வழியாகத்தான் வரும்.

நாலுவழி:
வெளிவட்ட ரோடு வந்த மறுநாளே இரண்டு பக்கமும் பிளாட் கல் நடுவார்கள். அப்புறம் அதுவும் கடைவீதி ஆகிவிடும், இன்னொரு வெளிவட்டம் கேட்பீர்கள்.

எல்லைக்கல்:
இரண்டு பேரும் தனி இழை ஆரம்பியுங்கள்.

கிணத்தடி:
அலுவலகம் போய்ப் பார்த்தோம். புது ரோடு இல்லையாம், பழைய வண்டிப்பாதையை அகலப்படுத்துகிறார்களாம். கிணறு தப்பிக்கிறது, மோட்டார் ரூம் மாட்டுகிறது. மனு கொடுத்தாச்சு, சீலும் வாங்கியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

மழைக்குருவி:
அகலம் எத்தனை மீட்டர் என்று போட்டிருந்தது? பாதையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக எடுக்கிறார்களா, உங்கள் பக்கம் மட்டுமா? மோட்டார் ரூம் தப்புவது அதில்தான் இருக்கிறது.

தாரணி:
விசாரணை கேட்டு அந்த ஒரு வரி எழுதினீர்களா தம்பி? முடிந்தால் பெயர், எண்களை நீக்கிவிட்டு மனுவை இங்கே போடுங்கள். எங்கள் பக்கமும் வரைவு வரப்போகிறது என்கிறார்கள்.

எல்லைக்கல்:
அவர் இனி வர மாட்டார்.