மனச்சோர்வு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது யார் குற்றம்?

காவிரிக்கரை:
மருந்துக்கடையில் நிற்பவன் நான். எசிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரைக்குச் சீட்டோடு வருபவர்களில் பலர் முதல் பத்து மாத்திரைக்குப் பிறகு வருவதே இல்லை. அது வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டலும் தலைவலியும் முதல் வாரமே வந்துவிடும். அதைப் பொறுக்காமல் விட்டுவிட்டு, மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். டாக்டர் எழுதியதைச் சாப்பிட்டால் என்ன?

நிலாமுற்றம்:
இதை என்னிடம் யாரும் சொல்லவில்லையே! சீட்டு கைக்கு வந்ததும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். தாம்பத்திய ஆசை குறையலாம் என்பதையும் சொல்லவில்லை. நம் ஊரில் எத்தனை பேர் அதை வாய்விட்டுக் கேட்பார்கள்? கேட்க முடியாதவர் பேசாமல் நிறுத்திவிடுவார்.

பொதிகை77:
மாத்திரையே எதற்கு? மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று 2022-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃப் குழு எழுதியது. லேசான மனச்சோர்வுக்கு, நோயாளியே விரும்பினால் ஒழிய, முதலில் மாத்திரை வேண்டாம் என்றுதான் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

காவிரிக்கரை:
அந்த ஆய்வு நோயின் காரணத்தைப் பற்றியது. மருந்து பலன் தருகிறதா என்பதை அது சோதிக்கவில்லை. லேசானதற்குப் பேச்சு சிகிச்சை முதலில், சரி. எழுந்து குளிக்கவே முடியாமல் கிடப்பவருக்கு? அவரிடம்தான் வீட்டார், "தூக்க மாத்திரை, பழகிடும், விட்டுடு" என்கிறார்கள். அடிமையாக்கும் ஆபத்து அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரை வகைக்குத்தான். எசிட்டலோபிராம் அந்த வகை இல்லை.

நிலாமுற்றம்:
அடிமையாக்காது, சரி. ஆனால் திடீரென்று நிறுத்தினால் சும்மா விடாது. தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு எல்லாம் எனக்கு வந்தது. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் என்ற வேறு மனச்சோர்வு மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு இன்னும் கடுமையாக வரலாம். நோய்தான் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனேன்.

காவிரிக்கரை:
அதனால்தான் டாக்டரிடம் கேட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். டாக்டரைப் பார்க்க முடியாத நேரத்தில் பேச, அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இருக்கிறது, கட்டணம் கிடையாது.

நிலாமுற்றம்:
இவ்வளவு தெரிந்த நீங்கள், மாத்திரை கொடுக்கும்போதே சொல்லலாமே?

காவிரிக்கரை:
கவுன்ட்டரில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னால், அடுத்த மாதம் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

நிலாமுற்றம்:
அப்படியானால் ஒரு துண்டுத்தாளில் எழுதி மாத்திரைக் கவருக்குள் வையுங்கள்: முதல் வாரம் குமட்டும், பலன் தெரிய 4 வாரம் ஆகலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு அன்று அது போதுமாக இருந்திருக்கும்.