கலந்ததை எப்படிப் பிரிச்சீங்க? சென்னைக்காரங்களே, உங்க ஏரியா பேரைப் போட்டு வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்க

மடிப்பாக்கம்:
நானே ஆரம்பிக்கிறேன். எங்க போர் தண்ணி மோட்டார் போட்டதும் தெளிவாத்தான் வரும். பக்கெட்டில் பிடிச்சு வெச்சா காலையில் மஞ்சளாகி, அடியில் துரு நிறத்தில் படிஞ்சிருக்கும். வெள்ளைச் சட்டை எல்லாம் பழுப்பு. எங்க தெருவில் டேங்க் அழுக்குன்னு அதையே கழுவிக்கிட்டு இருப்பாங்க. காரணம் அது இல்லை. நிலத்துக்கு அடியில் காத்து படாத வரைக்கும் இரும்பு தண்ணியில் கரைஞ்சே இருக்கும். கரைஞ்சு கிடக்கிறதை எந்தத் துணியும் பிடிக்காது. காத்து பட்டதும் அது கரையாத துருவா மாறும், அப்பதான் அதைப் பிரிக்கவே முடியும்.

அதனால டேங்க்கில் விழுற குழாயின் வாயை அடைச்சு, மூடியில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, தண்ணி மேல இருந்து சிதறி விழற மாதிரி பிளம்பர் அண்ணன் செஞ்சு கொடுத்தார். ராத்திரி முழுக்க அசையாம விடுவோம். வீட்டுக்கு வர்ற குழாய் டேங்க் தரையில் இருந்து நாலு விரக்கடை மேல இருக்கு, அதனால படிவு கீழேயே நின்னுடும். டேங்க்கோட அடியில் இருக்கிற குழாயை அப்பப்ப திறந்துவிட்டா சேறு போயிடும். சமையலறைக் குழாயில் ஒரு துணி கட்டினோம், அவ்வளவுதான். மின்சாரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். தண்ணியோட உப்பு மட்டும் அப்படியே இருக்கு.

மயிலாப்பூர்:
எங்க பாட்டி அரிக்கஞ்சட்டி வெச்சிருந்தாங்க. உள்பக்கம் வரி வரியா இருக்கும். ரேஷன் அரிசியைத் தண்ணியோட சுழட்டிச் சுழட்டி வேற பாத்திரத்துக்குச் சாய்ப்பாங்க. அரிசி மிதந்த மாதிரி போயிடும், கல் வரியில் மாட்டி நிக்கும். அதுக்கு முன்னாடி முறத்தில் புடைச்சுத் தவிடும் உமியும் போயிருக்கும். கல்லைக் கையால பொறுக்கினா ஒரு மணி நேரம் ஆகும், அரிச்சா பத்து நிமிஷம்.

சவுகார்பேட்டை:
அக்கா, நீங்க சொன்ன அதே அரிப்புதான் எங்க அப்பா பட்டறையிலும். நகை ராவும்போது விழற தூள், தரை கூட்டின குப்பை, கை கழுவின தண்ணி எதையும் வெளியே கொட்ட மாட்டாங்க. முதல்ல காந்தம் ஓட்டுவாங்க, அரத்தில் இருந்து உதிர்ந்த இரும்புத் தூள் ஒட்டிக்கிட்டு வந்துடும். மிச்சக் குப்பையை எரிச்சுச் சாம்பலாக்கி, அகலத் தட்டில் தண்ணி விட்டு அரிப்பாங்க. தங்கம் அதே அளவு தண்ணியைவிட 19 மடங்கு எடை, மணல் ரெண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல. அதனால மணல் ஓடிடும், தங்கம் அடியில் தங்கும். கடைசியில் நைட்ரிக் ஆசிட்: வெள்ளியும் செம்பும் கரையும், தங்கம் கரையாது.

தங்கசாலைத் தெரு பக்கம் சாக்கடை மண்ணை வாரி அரிக்கிறவங்களையும் பார்த்திருக்கேன். அவங்க பாதரசம் சேர்த்து அதில் தங்கத்தைப் பிடிப்பாங்க, அப்புறம் அதைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்குவாங்க. அந்த ஆவி நரம்பையும் நுரையீரலையும் கெடுக்கும். சின்னப் பசங்க பக்கத்தில் நிக்கிறதைப் பார்த்தா வயிறு கலங்கும். தயவுசெஞ்சு யாரும் வீட்டில் இதை முயற்சி செய்யாதீங்க.

சைதாப்பேட்டை:
2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்க சம்ப்பில் (தரைக்கு அடியில் இருக்கிற தொட்டியில்) ஆத்துத் தண்ணியும் சாக்கடையும் சேர்ந்துடுச்சு. லாரி வர்ற வரைக்கும் வீடு கழுவ அதைத்தான் இறைச்சோம். படிகாரக் கட்டியை ரெண்டு சுத்து சுத்தி எடுத்தா, மண் திரண்டு திரண்டு கீழே உட்காரும். அம்மா ஊரில் தேத்தாங்கொட்டையைப் பானை உள்பக்கம் உரசுவாங்களாம், அதுவும் இதே வேலைதான். ஆனா தெளிஞ்சதுன்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் அதையே குடிக்கப் போனார், ஓடிப் போய்த் தடுத்தோம். கலங்கல் போச்சு, கிருமி போகலை!

திருவான்மியூர் (ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை):
தடுத்தது மிகச் சரி, தம்பி. துணிக்கும் ஓரளவு சக்தி உண்டு. வங்கதேச கிராமங்களில் பழைய பருத்திப் புடவையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிகட்டச் சொல்லி ஆய்வு செய்தார்கள். 2003இல் வெளிவந்த முடிவின்படி காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய உயிரிகள் மேல் ஒட்டியிருப்பதால், துணியில் அவை மாட்டும்போது கிருமியும் மாட்டியது. தனியாக மிதக்கும் கிருமி துணியின் இழைகளுக்கு இடையே போய்விடும். அதனால் வடிகட்டிய பிறகு கொதிக்க வைத்தே ஆக வேண்டும். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் 1914இலேயே மணல் வடிகட்டிகள் வந்துவிட்டன. மணல் மேல் வளரும் மெல்லிய உயிர்ப்படலம் கிருமிகளைப் பெருமளவு தின்றுவிடும்.

மடிப்பாக்கம்:
டீச்சர், அப்ப எங்க உப்புத் தண்ணிக்கு என்னதான் வழி?

திருவான்மியூர்:
கரைந்த உப்பைத் துணி, மணல், படிகாரம் எதுவும் தொடாது. ஒன்று, நீரை ஆவியாக்கிக் குளிர வைக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாகத் தள்ள வேண்டும். நெம்மேலி ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்கச் செய்வது இரண்டாவது. வீட்டில் மாட்டும் ஆர்ஓ மெஷினும் அதேதான். குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிலை. வேறு நீரே இல்லாத இடத்தில் 2000 வரை. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மெஷின் வாங்காதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீரைப் பரிசோதிக்கிறார்கள். எப்படி மாதிரி எடுப்பது என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு எடுத்துப் போங்கள். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். ஆர்ஓ மாட்டினால் அது வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காதீர்கள், வாசல் கழுவ ஆகும்.